சொட்டு எண்ணுகிறவன்

ஹபீலா கைப்பையைத் தோளில் மாட்டினாள். எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

“மகளையும் ஒரு கண் பாத்துக்கொங்க” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்று வருடமாக, மாதாமாதம், இதே கூத்துதான்.

கண்டி ஆஸ்பத்திரியில் எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த கட்டில். என் பிரதீபனுக்கு ஒன்பது வயது, அவளுடைய ஷிம்னாவுக்குப் பதினொன்று. இருவருக்கும் தலசீமியா. மாதம் ஒரு தடவை இரத்தம் ஏற்றாவிட்டால் கடதாசி போல வெளுத்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு இரத்தப் பையை மாட்டினால் இறங்கி முடிய மத்தியானமாகும்.

அதுவரைக்கும் நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

கெலிஓயாவிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறேன். வெறும் வயிறு, தலையிடி, இடுப்பு வலி, எல்லாம் உண்டு. இருந்தாலும் எழும்ப மாட்டேன். பிரதீபன் கண்ணை மூடினால் போதும், எனக்கு நெஞ்சு பதறும். தோளைத் தட்டிக் கூப்பிடுவேன். அவன் முழித்துப் பார்த்துச் சிரிப்பான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

நல்ல பிள்ளை. அழ மாட்டான், அடம்பிடிக்க மாட்டான். குழாயில் விழும் இரத்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டே படுத்திருப்பான். ஐந்நூற்று ஒன்று, ஐந்நூற்று இரண்டு என்று உதடு அசையும். கணக்கில் கெட்டிக்காரனாக வருவான் என்று நர்ஸிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

ஷிம்னா அப்படியில்லை. பத்தரைபோலத் தாய் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். தாயைத் தேடுகிறாளாக்கும் என்று நினைத்து நான்தான் பாவப்படுவேன்.

தாய்க்கு ஏது அந்தக் கவலை? இரண்டு மணித்தியாலம் கழித்து ஆடி அசைந்து வருவாள். முகம் கழுவிப் பளிச்சென்று இருப்பாள். இடது கன்னம் மட்டும் கோடு விழுந்து சிவந்திருக்கும். என்னத்தையோ வாங்கி, பூசத் தெரியாமல் பூசியிருக்கிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அக்குறணையில் கடை வைத்திருக்கும் குடும்பம், கேட்கவா வேண்டும்? டவுனில் துணிக்கடை ஏறி இறங்குவாள், குளக்கரையில் காற்று வாங்குவாள், வயிறு நிறையச் சாப்பிடுவாள் என்று ஒவ்வொன்றாக நானே கற்பனை செய்து நானே புகைவேன். ஒரே வியாதி, ஒரே வார்ட். அவளுக்கு மினுமினுப்பு, எனக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். இது எந்த ஊர் நியாயம்?

இன்று பதினொரு மணிக்கு நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோகிற மருந்துக்கான துண்டு. வழக்கமாக என் கணவர் முத்துலிங்கம் வந்து எடுப்பார். இன்று அவருக்குக் காய்ச்சல். மருந்து கொடுக்கும் இடத்தைப் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவார்களாம். பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். மருந்தை வாங்கிக்கொண்டு அரக்கப்பரக்கத் திரும்பும்போது, மாடிப்படிக்குக் கீழே கிடந்த நீள வாங்குப் பலகையில் ஹபீலாவைக் கண்டேன்.

செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பையின் ஸிப் இடது கன்னத்தில் அழுந்தியிருந்தது.

துணிக்கடையில் கண்டிருந்தால் மன்னித்திருப்பேன். தூக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கையிலிருந்தது, ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை இறக்க இரவிரவாகப் பிள்ளையின் வயிற்றில் ஊசி வழியே ஏறுகிற மருந்து. ஊசி நழுவிவிடுமோ என்று பயந்து பயந்து நான் ஒழுங்காகத் தூங்கி எத்தனை வருடம்! அவள் வீட்டிலும் அதே மருந்து, அதே ஊசிதானே என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாமா என்று நின்றேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

பிரதீபனின் கண் மூடியிருந்தது.

ஓடினேன். தோளைத் தட்டக் கையை நீட்டிவிட்டேன்.

“ஆன்ட்டி, எழுப்பவாணாம்!”

பக்கத்துக் கட்டிலில் ஷிம்னா எழும்பி உட்கார்ந்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “நீங்க போன ஒடனே ஒறங்கிட்டான். நீங்க பக்கத்துல ஈந்தா ஒறங்க ஏலாதாம். கண்ண மூடினா பயப்புடுறீங்களாம். அதுக்குத்தான் சொட்டு எண்ணுற.”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

பிரதீபனின் நெஞ்சு ஏறி இறங்கியது. குழாயில் சொட்டு யாரும் எண்ணாமலே விழுந்துகொண்டிருந்தது. என் கதிரை காலியாகக் கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கதிரையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று வருடமாக நான் கொடுக்காததை அது முக்கால் மணித்தியாலத்தில் கொடுத்துவிட்டது.

மருந்தை நர்ஸின் மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் கீழே போனேன். என் செருப்பைக் கழற்றி ஹபீலாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“காலைக் கொஞ்சம் மடக்குங்க, ஹபீலா. நானும் சாயணும்.”