ராசியில்லாத கை

"இந்த வண்டி ஒங்களுக்கு வேணாம் தம்பி."

கற்பூரம் அணைவதற்கு முன்பே பொன்னையா இப்படிச் சொல்லிவிட்டார். சாவியை வாங்க நீட்டிய சதீஸ்குமாரின் கை அப்படியே நின்றது.

ஹட்டன் பஜாரில் பழைய வாகனங்களை வாங்கி விற்பவர் பொன்னையா. விலை பேசி முடித்தாலும் அவரிடம் சாவி உடனே கைக்கு வராது. வாங்குபவரையும் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே உள்ள நீண்ட மலை இறக்கத்தில் அவரே வண்டியை இறக்கி, அடிவாரத்துக் கோயில் முன்னால் நிறுத்துவார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சாவி.

"சாமி கையெழுத்து போடாம பொன்னையா வண்டி விக்க மாட்டாரு" என்று பஜாரில் கேலி பேசுவார்கள். பக்தி கொஞ்சம் கூடிப்போன மனுஷன் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

"ஏன் முதலாளி? எல்லாம் பேசி முடிச்சிட்டோமே?"

"சகுனம் சரியில்ல."

"தேங்கா நல்லாத்தானே ஒடஞ்சிச்சு?"

"மனசுக்குப் படல. விட்டுருங்க தம்பி."

அக்கரப்பத்தனைப் பக்கம் தான் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைத் திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவதாக, லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தான் சதீஸ்குமார். இந்த வேன் இல்லையென்றால் அந்தப் பிழைப்பும் இல்லை.

அவசரக்காரன்தான். போன வாரம் வண்டி பார்க்க வந்தபோது, "டயர் தேஞ்சிருக்கு தம்பி" என்று பொன்னையா சொன்னதற்கு, "அதெல்லாம் ஓட்டிக்கிட்டே பாத்துக்கலாம் முதலாளி, வெலய கொஞ்சம் கொறைங்க" என்று சிரித்தான். பொன்னையா விலையைக் குறைக்கவில்லை. டயரை மாற்றிப் போட்டார்.

இப்போது அவன் பார்வை, பூசைத் தட்டோடு வண்டியருகே நின்ற அக்கா ஜீவராணி மேல் போய் விழுந்தது. புருஷனை இழந்தவள். கொழுந்து பறித்துத் தம்பியை ஆளாக்கியவளும் அவள்தான்.

"முன் சீட்டுல உக்காராதன்னு சொன்னேன்ல? கேட்டியா?"

சாமி முன்னால் நின்றுகொண்டு அப்படிக் கேட்க அவனுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! ஜீவராணி தட்டை வண்டிக்குள் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

"அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க!" பொன்னையாவின் குரல் உயர்ந்தது. "ராசியில்லாதது என் கை. கொஞ்ச நாளா நான் குடுக்குற வண்டி எதுவும் வெளங்குறதில்ல. நாளைக்கு வந்து அட்வான்ஸ வாங்கிக்கிட்டு வேற எடம் பாருங்க."

கோயிலுக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி விற்பவனுக்குக் கைராசிதான் முதல். அது இல்லையென்று அவனே சொன்னால் அப்புறம் யார் அவன் வாசலை மிதிப்பார்கள்? மத்தியானத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும்.

"சரி, டவுன் வரைக்குமாவது கொண்டுபோய் விடுங்க" என்றான் சதீஸ்குமார் வெறுப்போடு.

"இல்ல தம்பி. நீங்க பஸ்ல போங்க."

இதையும் கேட்டபின் அவன் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ரோட்டுக்கு நடந்தான். கூட்டிவந்த மனுஷரை நடுவழியில் இறக்கிவிடுகிறவர் எல்லாம் ஒரு பக்தர்!

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் ஜீவராணிக்குத் தட்டின் ஞாபகம் வந்தது. கோயிலில் இரவல் வாங்கிய தட்டு. தம்பியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

பொன்னையா ஜாக்கி அடித்து, முன்பக்கத்து இடது சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். பூசைக்கென்று உடுத்திவந்த வெள்ளை வேட்டியெல்லாம் கரி.

"என்ன முதலாளி பண்றீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தவர், மறைக்க வழியில்லாமல் சொன்னார்.

"எறக்கம் பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சக்கரம் சுடணும்மா. மத்ததெல்லாம் சுட்டுச்சு. இது மட்டும் சில்லுன்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் பிரேக்கே புடிக்கல. டவுன்ல ஓட்டிப் பாத்தா தெரியாது."

"அப்ப நீங்க சக்கரத்த தொட்டு கும்புடுறது..."

"சாமி கோவிச்சுக்காதும்மா."

ஜீவராணி கழற்றிப் போட்ட சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை இந்த வண்டியில் ஏற இருந்த பிள்ளைகளின் முகமெல்லாம் அவள் கண்ணில் வந்தது.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே முதலாளி? ஒங்க பேர நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே."

"போன வருஷம் ஒருத்தருகிட்ட உள்ளத உள்ளபடி சொன்னேன். 'அப்பறமா செஞ்சுக்கலாம், கொறைச்சு குடுங்க'ன்னாரு. நானும் குடுத்தேன். பொல்பிட்டிய பக்கம் ஒரு எறக்கத்துல..."

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். கரிதான் அப்பியது.

ஜீவராணி தட்டை எடுத்துக்கொண்டாள். அவள் குரல் உடைந்தது.

"நான் தம்பிகிட்ட சொல்லிடுறேன் முதலாளி. என்னால இல்லன்னாவது அவனுக்குத் தெரியட்டும்."

"தெரியணும்மா. பிரேக்க செஞ்சு முடிச்சதும் நானே லயத்துக்கு வந்து எல்லாரு முன்னாலயும் சொல்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க." கைகூப்பிக் கேட்டார் பொன்னையா. "ராசியில்லாத வண்டின்னா நம்மாளுங்க கிட்ட வர மாட்டாங்க. பிரேக் இல்லாத வண்டின்னா, வெலய கொறைக்கச் சொல்லி வந்து நிப்பாங்க."