கால் தேடிய தரை

"இன்னிக்குச் சின்னக் குளம் கிடையாதாம்டி தாவோன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டாங்களாம். உனக்குப் பெரிய குளம்தான்."

மாய் இதைச் சொன்னபோது நான் நீச்சலுடைக்கு மாறி, துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன்.

மாய் என் அறைத்தோழி. எங்கள் வகுப்புத் தலைவியும் அவள்தான். ஆசிரியர்களிடம் பேசுவது, தேர்வுத் தேதி கேட்பது, எங்களுக்காகத் திட்டு வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

பெரிய குளத்தில் என் தலைக்கு மேலே தண்ணீர்.

"நீ தோவான் சார்கிட்ட சொல்லிப் பார்க்கலையா?"

"சொல்லாம இருப்பேனா? கல்லு மாதிரி நிக்கிறாரு. அந்த ஆளுக்கு மனசுங்கற ஒண்ணே கிடையாது."

வியட்நாமில், தா நாங் நகரத்தில் நாங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தில், தோவான் சார் நடத்தும் நீச்சல் தேர்வில் தேறாதவர்களுக்குப் பட்டம் இல்லை. குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டும். நடுவில் கால் தரையில் படக் கூடாது.

எனக்கு நீந்தத் தெரியும். கொடுமையே அதுதான்.

நான் லாவோஸ்காரி. எங்களுக்குக் கடல் இல்லை, மேகோங் ஆறுதான். ஆற்று மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். அதனால் கொஞ்ச தூரம் நீந்தினால் ஒரு தடவை காலை இறக்கி, மணல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காத பிள்ளைக்கு வீட்டில் அடி விழும்.

இங்கே, பார்த்ததற்குத் தோல்வி.

இதற்கு முன் தேர்வுக்குப் போன இரண்டு முறையும் சின்னக் குளத்தில் பாதி வழி வரை நன்றாகத்தான் போனேன். அப்புறம் என்னைக் கேட்காமலே கால் கீழே போய்த் தரையைத் தொட்டுவிட்டது.

"நீந்துறியா, தரை கூட்டுறியா?" என்று தோவான் சார் கேட்டார். கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவையே தேறிவிட்ட மாயும்தான்.

அப்பாவும் அம்மாவும் நேற்றே எங்கள் ஊர் சவன்னகேத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டமளிப்பு. அம்மா எனக்காக நெய்த பட்டுப் பாவாடையோடு வருகிறாள். ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை மடியை விட்டு இறக்கவே மாட்டேன் என்கிறாளாம். நான் தோற்ற கதை அவர்களுக்குத் தெரியாது.

இன்று தேறாவிட்டால் மேடையில் என் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு மேல் எனக்கு வாய்ப்பும் இல்லை.

வெளியே வந்தோம். காலையிலேயே வெயில் கண்ணைக் கூச வைத்தது. மாய், எங்கள் விடுதிப் பெண்கள் எல்லோரையும் போல வெயில் அங்கிக்குள் இருந்தாள். பூப்போட்ட துணி, விரல் நுனி வரை மூடிய கை, தலையில் முக்காடு, தாடை வரை இழுத்துவிட்ட ஜிப்.

"கறுத்துடுவேன்டி. நான் அங்க நிழல்ல உட்கார்ந்துக்கறேன்."

விசில் ஒலித்தது.

குதித்தேன். கையைப் போட்டேன். காலை உதைத்தேன். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கரையோரமாக அந்தப் பூப்போட்ட அங்கி என்னோடு நடந்து வந்தது. நிழலில் உட்காரப் போனவள். ஒரு கை கழுத்தருகே ஜிப்பைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பதற்றம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பாதி வழி வந்தது.

கால் கீழே போனது.

அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் மடியில் இருந்த கூடைதான் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் கீழே ஒன்றும் இல்லை.

கால் இன்னும் கொஞ்சம் தேடியது. குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மூக்கு வரை அமிழ்ந்தேன். தொண்டைக்குள் மருந்துத் தண்ணீர் இறங்கியது.

பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஆள் மாதிரி, கால் தானாக மேலே வந்தது. வந்து உதைத்தது. அப்புறம் அது கீழே போகவே இல்லை.

சுவரைத் தொட்டேன்.

தோவான் சார் குனிந்து பார்த்தார். "இன்னிக்குக் கூட்டறதுக்குத் தரை கிடைக்கலையோ?" என்றார். பிறகு, "தேறிட்ட. ஏறி வா."

நான் ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதேன். தண்ணீரில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லை தாண்டிவிட்டார்களாம். பஸ்ஸில் ஒரே பாட்டுச் சத்தம். "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"குளிச்சேம்மா."

உடம்பு பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. உடை மாற்றி, மாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். சின்னக் குளத்தைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும்.

குளத்தில் யாரும் இல்லை.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு வாதாம் இலை மிதந்தது. சுற்றிலும் தரை காய்ந்திருந்தது. ஒரு ஈரக் காலடி கூட இல்லை.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க எங்கடி?"

"வரலையோ என்னவோ," என்றாள் மாய். "நட, பசிக்குது."

தெருமுனை நூடுல்ஸ் கடையில் மின்விசிறிக்கு நேராக இடம் பிடித்தாள். முக்காட்டைத் தள்ளினாள். நெற்றியெல்லாம் வியர்வை. "அப்பா, வெந்துட்டேன்," என்று ஜிப்பை ஒரு சாண் கீழே இழுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று மறுபடி மேலே ஏற்றிக்கொண்டு, கடைக்காரம்மாவைக் கூப்பிடத் திரும்பினாள்.

அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

உள்ளே அவள் போட்டிருந்தது நீச்சலுடை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.