மூடாத இலை

உச்சிமாகாளி அந்த இலையை எடுக்கவில்லை.

எச்சில் வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு மேஜை ஓரத்தில் நின்றான். சாப்பிட்டவர் எழுந்துவிட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர் இடம் பிடிக்கக் காத்திருந்தார். இலை விரிந்தே கிடந்தது.

"ஏட்டி முருகம்மா, இங்கன வந்து பாரு. உன் தம்பி சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்கான்!"

கல்லாவிலிருந்து மாணிக்கராஜ் அண்ணாச்சி கத்தினார். அவர் மெஸ் அது.

முருகம்மாள் தேங்காய் அரைப்பதை அப்படியே விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து வந்தாள். காலையிலிருந்து இதே ஓட்டம்.

சேர்ந்த புதிதில், சாப்பிடுகிறவர்களின் கைக்குக் கீழிருந்தே அவன் இலையை உருவினான். தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் சாம்பார் விரல்களை விரித்தபடி வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, வீட்டில் இலை போட்டு, அவன் முன்னால் தானே சாப்பிட்டுக் காட்டினாள். மூடினால் எடு. மூடாவிட்டால் தொடாதே.

படித்துக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றையும் படிக்கமாட்டேன் என்கிறான்.

கட்டபொம்மன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் எவன் இலையை மூடுகிறான்?

அதனால் அவள் ஓடி வருவாள். இலையை மூடுவாள். அவன் எடுப்பான். ஒரு வேலைக்கு இரண்டு ஆள். அண்ணாச்சி பல்லைக் கடிப்பார்.

ஊரில் அவனுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பாளையங்கோட்டை டாக்டர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. ஏதாவது வேலை பழக்குங்கள் என்றார். பழக்குகிறவள் படும் பாடு அவருக்கென்ன தெரியும்?

இன்றைக்கும் ஒரு தகராறு வந்தால் நாளையிலிருந்து அவன் வரவேண்டாம் என்று அண்ணாச்சி விடியும்போதே சொல்லியிருந்தார். அப்படியென்றால் பழையபடி அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வரவேண்டும். சாயங்காலம் போய்த் திறந்தால், காலையில் விட்ட இடத்தில், கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பான்.

"மூடிக் குடுத்தாத்தான் எடுப்பியோ? நீ என்ன கலெக்டராலே?" என்று அவனை வைதுகொண்டே இலையின் ஓரத்தைப் பிடித்தாள்.

சாப்பிட்டவர் அவள் கையை மறித்தார். வயதானவர். மீசை இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"மூடாத தாயி."

"மூடலைன்னா இவன் எடுக்கமாட்டான் அய்யா. ஒரு மடிப்புதான, உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவர் கையை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, பஸ் போயிரும்" என்றார் காத்திருந்தவர்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். "இவனுக்கு ஒரு இலை, அதுக்கு ஒரு பஞ்சாயத்து" என்று சொல்லி, அண்ணாச்சி இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

உச்சிமாகாளி வாளியைக் கீழே போட்டான். இலையின் மறுமுனையைப் பிடித்து, பழைய இடத்துக்கே இழுத்து வைத்தான். சுருண்ட ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டான்.

அண்ணாச்சியின் வேட்டியில் சாம்பார் தெறித்திருந்தது.

முருகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது.

"வீட்டுக்காரிய நேத்து எரிச்சோம்" என்றார் பெரியவர். இலையைப் பார்த்துத்தான் சொன்னார். "காரியத்துக்குச் சாமான் வாங்க வந்தேன். துட்டிக்காரன் இலைய மூடப்படாது தாயி. மூடுனா, சாவ இன்னொருக்க வான்னு கூப்பிட்ட மாதிரி."

அப்போதுதான் அவள் இலையைச் சரியாகப் பார்த்தாள். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பிசைந்திருந்தது, அவ்வளவுதான்.

காத்திருந்தவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

பெரியவர் மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். நீவி விரித்த இலையிலிருந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, பாத்துக்கிட்டே நிக்க? அய்யாவுக்கு ரசம் கொண்டா. அவன ஏன் இங்கன நிப்பாட்டி வச்சிருக்க? கடைசி மேஜையில எல்லா இலையும் மூடிக் கெடக்கு. போய் எடுக்கச் சொல்லு."