ஓசிப் பயணம்

சுரங்க ரயில் பிரேக் போட்டதும் சக்கரத்திலிருந்து இரண்டு இரும்புத் தூசிகள் தெறித்துப் பறந்தன. ஒருவன் குண்டன், இன்னொருவன் பொடியன். ஓசியில் ஊர் சுற்றக் குண்டனுக்குக் கொள்ளை ஆசை.

"அதோ, அந்த மாமா மூக்குல ஏறிடலாம்டா," என்றான் பொடியன்.

"மாஸ்க் போட்டிருக்காரே?"

"போன் வரட்டும், பாரு."

வந்தது. மாமா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "ஹலோ! சரியா கேக்கல!" என்று கத்தி, மூச்சை நன்றாக இழுத்தார். இருவரும் உள்ளே பாய்ந்தார்கள்.

குண்டன் மூக்கு முடியில் மாட்டிக்கொண்டான். ஒரே தும்மல், பிளாட்பாரத்தில் வந்து விழுந்தான். பொடியனோ நுரையீரல் வரை போய்விட்டான். குண்டனுக்கு வயிறு எரிந்தது.

"டேய், எந்த ஸ்டேஷன்ல இறங்குவே?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இறங்கறதா? இங்க போன வருஷம் ஏறினவனே இன்னும் இறங்கலையாம்டா!"