வருந்துகிறோம்

ஓடுபாதையைப் பழுதுபார்க்கிறார்கள் என்று அன்று எல்லா விமானங்களும் ரத்து. பயணிகள் திட்டிக்கொண்டே கிளம்பிப் போனார்கள். காலியான கூடத்தில் ஒலிபெருக்கி மட்டும், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இரும்பு நாற்காலிக்கு எரிச்சல் வந்தது. "என்மேல உட்கார்ந்து அழுதவர், அப்பா சாவுக்குப் போக வேண்டியவர். ஒருத்தரும் வந்து என்னன்னு கேட்கல. வருந்துகிறோமாம்! உன்னை விட்டா வேற யாருய்யா வருந்துனது?"

ஒலிபெருக்கி சுற்றிப் பார்த்தது. அலுவலக அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

அரைமணி கழித்து மறுபடியும் அறிவிக்கும் நேரம் வந்தது. "தடங்கலுக்கு வருந்து..." என்று தொடங்கி, 'கிறேனா, கிறோமா' என்று தெரியாமல் நின்றுவிட்டது.



"வருந்துகிறோம்னே சொல்லு" என்றது நாற்காலி. "நானும்தான் இருக்கேனே."