ஒரே கிண்ணத்தில் இரண்டு கிழங்கு

கேத்தியில் போஜராஜின் உருளைக்கிழங்கு நிலம் அரசின் இயற்கை விவசாயப் பதிவில் இருந்தது. மனைவி பிரமிளா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலம் ரசாயன உரப் பதிவில் இருந்தது. இருவகைக் கிழங்கும் ஓரிடத்தில் சேர்ந்தால் இரண்டு பதிவும் ரத்தாகும். ஆகவே அவர்கள் இரண்டு கிடங்கும் இரண்டு அடுப்பும் வைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து தனித்தனிக் குழம்பு சாப்பிட்டார்கள். கல்யாணத்தைத் தடுக்க மட்டும் சட்டம் மறந்துவிட்டிருந்தது.

மகள் பிறந்த ஏழாம் மாதம், அவளுக்கு முதல்முறையாகக் கிழங்கு மசித்து ஊட்டும் நாளில் பதிவு அலுவலகப் பரிசோதகர் வந்தார்.

"பாப்பா எந்தப் பதிவும்மா?"

"ரெண்டு பேருக்கும் பொறந்தது சார்."

"அது உங்க சொந்த விஷயம். பதிவு முடிவாகிற வரைக்கும் ஒண்ணும் ஊட்டக் கூடாது."

"என் பதிவுதான், எழுதிக்குங்க" என்றான் போஜராஜ்.

"ஆமாமா, பத்து மாசம் நீங்கதானே சுமந்தீங்க!" என்றாள் பிரமிளா.

குழந்தை பசியில் வீறிட்டது. பிரமிளா இரண்டு சட்டியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்து ஒரே கிண்ணத்தில் பிசைந்தாள்.

"அடியே, ரெண்டு பதிவும் போயிடும்!"

"போகட்டும். புள்ள அழுவுது."

குழந்தை கிண்ணம் காலியாகும்வரை தின்றது.

பரிசோதகர் பதறவில்லை. இதற்கும் படிவம் இருந்தது. 'அனுமதியற்ற கலப்புக் கிடங்கு, ஒன்று' என்று எழுதினார். விதிப்படி கிடங்கை மூடி முத்திரை ஒட்ட வேண்டும். ஒட்டுத்தாளோடு குழந்தையின் வாயருகே கையைக் கொண்டுபோனார்.

இரண்டு பல் முளைத்திருந்த அந்தக் கிடங்கு அவர் விரலைக் கடித்துவிட்டது.