கடைசி வண்டி

அவள் சிவப்புக் கொடியை அவன் கையில் திணித்தாள்.

"என்னக்கா இது? கட்சியில சேத்துட்டியா?" பைக்கில் இருந்தவன் சிரித்தான்.

"நீதான் கடைசி வண்டி. வளைவு தாண்டி எங்க வீட்டுக்காரரு நிப்பாரு. அவர்கிட்ட குடுத்துட்டுப் போ. உம்முனு ஒருத்தர் நிப்பாரு, அவருதான்."

"டீ வாங்கித் தருவாரா?"

"எனக்கே வாங்கித் தந்ததில்ல. போடா."

கொடியைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான். முதுகில் அது படபடத்தது.

போன வாரத்து மழையில் மலைப்பாதையின் வெளிப்பக்கம் சரிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. இரண்டு வண்டி போன இடத்தில் இப்போது ஒன்றுதான் போகும். நடுவில் வளைவு. இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியாது. போனில் சிக்னலும் கிடையாது.

அதனால்தான் கொடி.

ஒரே கொடி. இந்தப் பக்கத்து வண்டிகளை விட்டு முடித்ததும், கடைசி வண்டியிடம் கொடுத்தனுப்புவாள். அது போய்ச் சேர்ந்தால் பாதை காலி. அந்த முனையில் அவள் புருஷன் சடையன் பாதைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றை அவிழ்த்து, மேலே காத்திருக்கும் வண்டிகளை இறங்க விடுவான்.

அவள் தன் பக்கத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பின்னால் வேன் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் சில.

ஏற்றத்தில் சிமென்ட் லாரி முனகிக்கொண்டு ஊர்ந்தது. அதற்கு முன்னால் பஸ். பஸ்ஸில் அவள் மகள் சங்கவி. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவிடம் போகிறாள். போகும்போது ஜன்னல் வழியாக நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

பைக் லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனது.

வலது பக்கம் எட்டிப் பார்த்தது.

இடது பக்கம் எட்டிப் பார்த்தது.

கயிற்று முடிச்சில் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

லாரிக்கும் மலைச்சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. பைக் அதில் நுழைந்தது.

சிவப்புத் துணி லாரியைத் தாண்டியது.

பஸ்ஸையும் தாண்டியது.

"டேய் தம்பி! டேய்!"

லாரிக்காரன் அடித்த ஹாரனில் அவள் குரல் போயிற்று. பைக் வளைவில் மறைந்தது.

இத்தனை நாளும் காரிடம் கொடுத்தாள். ஜீப்பிடம் கொடுத்தாள். இந்த இடுக்கில் அவற்றால் முன்னால் போகும் வண்டியை முந்த முடியாது. பைக்கிடம் கொடுத்தது இன்றுதான்.

சடையன் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. கொடி வந்தால் அவிழ்த்துவிடுவான். மேலே மரம் ஏற்றிய லாரி நிற்கிறது என்று சற்றுமுன் இறங்கிய ஜீப்காரர் சொல்லியிருந்தார்.

பஸ் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது.

மேலே எங்கேயோ ஓர் எஞ்சின் உறுமிக் கிளம்பியது.

அவள் ஓடினாள். செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. லாரியை நோக்கி, பஸ்ஸை நோக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி வீசி ஓடினாள்.

வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கயிற்றடியில் யாரும் இல்லை.

"என்னய்யா, அந்தம்மா இப்படிக் கைய ஆட்டுது?"

"வரச் சொல்லுதுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவரே இறங்கிப் போய்க் கயிற்று முடிச்சை அவிழ்த்தார்.